எட்டாம் வகுப்புக்குப் பிறகு எங்கே? காது கேளாத வளரிளம் பிள்ளைக்கு மூன்று வழிகள்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தில், ஆண்டுத் தேர்வு முடியும் தறுவாயில், எங்கள் வட்டார வள மையத்துக்கு வரும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "எட்டாவது முடிச்சாச்சு டீச்சர். இங்கேயே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விடலாமா, இல்லை காது கேளாதோர் பள்ளி விடுதியில் சேர்த்துவிடலாமா?" செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராகப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் மதிப்பெண்ணையும் ஆடியோகிராமையும் (காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை வரைபடம்) பார்த்துவிட்டு நான் பதில் சொல்லிவிடுவேன். அது போதவில்லை என்பதை எனக்குப் புரிய வைத்தவர்கள் பிள்ளைகள்தாம். பதின்மூன்று, பதினான்கு வயதில் பாடப்புத்தகம் கனப்பதோடு உடலும் மாறுகிறது. நட்பு, வெட்கம், கோபம், ஈர்ப்பு எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேர்கின்றன. ஆகவே இப்போது பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது வேறு: மனத்தில் ஒன்று உறுத்தினால், உங்கள் பிள்ளை அதை யாரிடம், எந்த மொழியில் சொல்லும்?

இந்தக் கேள்வியை முன்னிறுத்தித்தான் மூன்று வழிகளையும் இங்கே ஒப்பிடுகிறேன். முதல் வழி, ஊரிலுள்ள பொதுப் பள்ளியிலேயே காது கேட்கும் கருவியோடும் சிறப்பாசிரியரின் துணையோடும் தொடர்வது. இரண்டாவது, விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளி. மூன்றாவது, ஊர்ப் பள்ளியில் படித்துக்கொண்டே, வீட்டார் சைகை மொழி கற்று, பிள்ளையைக் காது கேளாத பிற பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் தொடர்ந்து பழக விடுவது. இவற்றில் எதைத் தேர்ந்தாலும் அது சட்டம் தரும் உரிமைதான். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31 ஆவது பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகள், அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தாம் விரும்பும் இடத்தில் கட்டணமின்றிக் கல்வி பெறலாம் என்கிறது. தேர்வு பிள்ளையினுடையது என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. ஆனால் என் மேசைக்கு எதிரே அப்பாவும் மாமாவும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, பிள்ளை வாசற்படியில் நின்று எங்கள் உதடுகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

பொதுப் பள்ளியின் பெரிய நன்மை, பிள்ளை இரவில் வீட்டில் இருப்பது. தம்பி தங்கையோடு சண்டை போட்டு, ஊர்த் திருவிழாவுக்குப் போய், கடைத்தெருவில் கணக்குப் பார்த்து வளர்வதற்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. எழுத்துத் தமிழும் இங்கே கூடுதலாகப் பழக வாய்ப்பு உண்டு. சட்டக் கணக்கில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் (ஒலி அளவின் அலகு) வரை இழப்புள்ளவர் 'கேட்கும் திறன் குறைந்தவர்'. 70 டெசிபலும் அதற்கு மேலும் இழந்தவர் 'காது கேளாதவர்'. முதல் வகையினருக்கும், சிறு வயதிலேயே நல்ல கருவி பொருத்திப் பேச்சுப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பொதுப் பள்ளி பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. இழப்பு 90 டெசிபலைத் தாண்டிய பிள்ளையின் நிலை வேறு. அந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பதையும் வகுப்பில் பங்கேற்பதையும் பெற்றோர் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

காது மிஷின் போட்டால் எல்லாம் கேட்டுவிடும் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. கருவி ஒலியைப் பெருக்கும். எந்த ஒலி ஆசிரியருடையது, எது மின்விசிறியுடையது என்று மனிதக் காது பிரித்தறிவதைப் போல அதனால் முழுமையாகப் பிரித்தறிய முடியாது. ஒன்றிரண்டு மீட்டர் தொலைவில் அது நன்றாக உதவுகிறது. தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் ஆசிரியரின் குரல் மூன்றாவது வரிசைக்கு வந்து சேரும்போது அதில் மிஞ்சுவது சொற்ப ஒலிதான். மிச்சத்தைப் பிள்ளை உதட்டசைவிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் உதட்டசைவைப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பெற்றோர் ஒரு முறையாவது கண்ணாடியின் முன் நின்று பார்க்க வேண்டும். 'பாடு', 'மாடு' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கிறது. 'பணம்', 'மனம்' என்பவற்றுக்கும் அப்படியே. ல, ள, ழ மூன்றும் நாக்கின் வேலை. வெளியே எதுவும் தெரியாது. இதற்கு மேல், தமிழில் யார், எப்போது, யாருக்கு என்பதெல்லாம் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. பேச்சில் அந்தக் கடைசிப் பகுதிதான் தேய்ந்துபோகிறது. 'வந்தான்', 'வந்தாள்' என்று புத்தகத்தில் தெளிவாகப் படித்த பிள்ளை, பேசுகிறவரின் வாயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தேய்வதைப் பார்த்துக் குழம்புகிறது. எழுதும்போது "நான் நேற்று கடை போ அம்மா வாங்கு" என்று வேற்றுமை உருபும் கால இடைநிலையும் இல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இதுதான்; அறிவுக்குறைவு என்று நினைப்பது பெரும் அநீதி. தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியரின் முகத்தைப் பழகியிருந்த பிள்ளை, உயர்நிலை வகுப்புகளில் பாடத்துக்கு ஒருவராக ஐந்தாறு முகங்களைப் பழக வேண்டியிருக்கிறது, அவர்களில் அடர்ந்த மீசை உதட்டை மறைப்பவரும் இருப்பார். மாலை நாலரை மணிக்கு வீடு வந்த பிள்ளை பையைப் போட்டதும் தூங்கிவிடுகிறது என்று குறைபட்டுக்கொள்ளும் தாய்மாரிடம், அது சோம்பல் இல்லை, நாள் முழுவதும் கண்ணாலும் காதாலும் ஊகித்து ஊகித்து வந்த களைப்பு என்று சொல்லி, டியூஷனுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு மணி நேரம் தூங்க விடச் சொல்கிறேன்.

இவற்றையெல்லாம் நல்ல ஆசிரியர்கள் ஓரளவு சரிசெய்துவிட முடியும். முதல் பெஞ்சின் நடுவில் உட்கார வைப்பதைவிட, இரண்டாவது வரிசையின் ஓரத்தில், ஆசிரியரையும் திரும்பினால் சக மாணவர்களையும் பார்க்கும்படி உட்கார வைப்பது நல்லது. ஆசிரியர் அணியும் ஒலிவாங்கியிலிருந்து நேரே கருவிக்குக் குரலை அனுப்பும் வசதி கிடைத்தால் தொலைவுச் சிக்கல் பெரிதும் குறையும். ஆனால் எந்த ஆசிரியராலும் எளிதில் சரிசெய்ய முடியாத இடம் இடைவேளை. பத்துப் பேர் சேர்ந்து நின்று ஒரே சமயத்தில் பேசிச் சிரிக்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் வளரிளம் பருவத்தின் பாதிக் கல்வி நடக்கிறது.

நான் சென்று பார்க்கும் ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளி வாயிலைத் தாண்டும் முன்பே இரண்டு கருவிகளையும் கழற்றி ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துவிடுவாள். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லி வந்தாள். உண்மைக் காரணம், அங்கே பெண்பிள்ளைகள் இரட்டைச் சடை பின்னி ரிப்பனால் தூக்கிக் கட்ட வேண்டும் என்பது. கட்டினால் காதின் பின்னால் இருக்கும் கருவியும் காதுக்குள் செல்லும் குழாயும் பளிச்சென்று தெரியும். ஒற்றைச் சடையைத் தளரப் பின்னிக்கொள்ள அனுமதி கேட்டோம். பிள்ளைகளுக்குள் வேற்றுமை காட்டக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். ஐந்து மாதம் அந்தப் பெண் ஒலியில்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள், ஒரு சடைக்காக. அவளிடம் யாரும் காரணத்தை முறையாகக் கேட்கவில்லை. நானும் தாமதமாகத்தான் கேட்டேன். பொதுப் பள்ளியைத் தேர்வு செய்கிறவர்கள் இந்த வயதில் கருவி 'கெட்டுப்போவது' அதிகரித்தால், பழுது பார்க்கும் கடைக்குப் போகும் முன் பிள்ளையிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

இனி இரண்டாவது வழி. தமிழ்நாட்டில் சிறப்புப் பள்ளிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வருவது. சென்னையில் லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட், அடையாறு செயின்ட் லூயிஸ் போன்றவையும், அரசு நடத்தும் பள்ளிகளும் பல தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்திருக்கின்றன. இப்படி ஒரு பள்ளி விடுதியில் முதன்முதலாக இரவு தங்க நேர்ந்தபோது நான் கண்டதை மறக்க முடியாது. ஒன்பதரை மணிக்கு விளக்கை அணைத்துவிட்டார்கள். சைகை மொழிக்கு வெளிச்சம் வேண்டும் அல்லவா? பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் தெருவிளக்கின் ஒளி விழும் சன்னல் ஓரத்துக்குக் கட்டிலை நகர்த்திக்கொண்டு, ஒருத்தி டார்ச்சைப் பிடிக்க, மற்றவர்கள் கையாலும் புருவத்தாலும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பகலில் ஆசிரியரிடம் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன ஒரு பெண் அங்கே ஒரு நீண்ட கதையை நடித்துக் காட்ட, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஊர்ப் பள்ளியின் இடைவேளையில் அவளுக்குக் கிடைக்காத இருபது நிமிடம் அங்கே இரவெல்லாம் கிடைத்தது. பதின்மூன்று வயதில் 'நான் ஒருத்தி மட்டும் இப்படி இல்லை' என்று கண்ணால் பார்ப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதைப் பெற்றோர் குறைத்து எடைபோடுகிறார்கள்.

சிறப்புப் பள்ளிகளில் சைகை மொழி எப்போதும் வரவேற்கப்பட்டது என்று எண்ண வேண்டாம். 1880 இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோருக்குப் பேச்சு வழியில்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்ததன் நிழல் உலகெங்கும் நூறாண்டுக்கு மேல் படிந்திருந்தது. 2010 இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடுதான் அந்தத் தீர்மானங்களைக் கைவிட்டு வருத்தம் தெரிவித்தது. சைகை கற்றால் பேச்சு வராது என்று நம் பாட்டிமார்வரை சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது. என் அனுபவத்தில், சைகையால் பேச்சை இழந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. எந்த மொழியும் முழுமையாகக் கிடைக்காமல் பதினான்கு வயதை எட்டிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சிறப்புப் பள்ளியின் குறைகளில் முதன்மையானது வீட்டிலிருந்து பிள்ளை விலகிப்போவது. காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். விடுதியில் சைகை மொழியில் முழுமையாக வளரும் பையன் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, அவனுடைய மொழி வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சாப்பிடு, தூங்கு, குளி என்ற மூன்று சைகைக்குள் அந்தப் பத்து நாளும் முடிந்துவிடுகிறது. அப்பா பாசத்தோடு சட்டை எடுத்துத் தருகிறார். மகனோடு பேச முடியவில்லை. விடுதிக்குத் திரும்பும் பேருந்து வந்ததும் அவன் முகம் மலர்வதைப் பார்த்து அவர் கலங்கியதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன்.

மற்றொன்று பாதுகாப்பு. இதை மென்று விழுங்காமல் பேச வேண்டும். சொல்ல மொழியில்லாத பிள்ளை என்று தெரிந்தே நெருங்கும் மனிதர்கள் வீட்டிலும் உண்டு, பேருந்திலும் உண்டு, விடுதியிலும் இருக்கலாம். குழந்தைகளுக்கான 1098, மனநல உதவிக்கான 14416 ஆகிய எண்கள் குரலால் பேசுகிறவர்களை எண்ணி அமைந்தவை. காது கேளாத பிள்ளை தனியாக அவற்றில் பேசி உதவி கேட்பது கடினம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், வாக்குமூலம் பதிவாகும்போது மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெற வழிசெய்கிறது. ஆனால் அந்த நிலை வரை செய்தி வருவதற்கே பிள்ளைக்கு உடலுறுப்புகளின் பெயரும், 'வேண்டாம்' என்பதும், 'இவர் என்னை இப்படிச் செய்தார்' என்பதும் ஏதோ ஒரு மொழியில் தெரிந்திருக்க வேண்டும். விடுதியைப் பார்க்கப் போகும் பெற்றோர் கட்டடத்தையும் உணவையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். காப்பாளருக்குச் சைகை மொழி சரளமாகத் தெரியுமா, காப்பாளர் மீதே புகார் சொல்ல நேர்ந்தால் பிள்ளை யாரிடம் போகலாம், வீட்டாரோடு காணொலி அழைப்பில் தனியே பேச வாரத்தில் எத்தனை நாள் அனுமதி ஆகிய மூன்றையும் கேட்டு, பதில் தயங்கித் தயங்கி வந்தால் அந்த விடுதியை விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

படிப்பின் வகையில் இரண்டுக்கும் பொதுவான ஒரு செய்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். பொதுத் தேர்வில் செவித்திறன் குறைந்த மாணவர்கள் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கூடுதல் நேரமும் பெற முடியும். கூடுதல் நேரத்தைத் தயங்காமல் பெறலாம். மொழி விலக்கைப் பெறும்போது, ஆங்கிலத்தைத் தேர்வுக்காக விட்டாலும் வாசிப்பதை விட்டுவிட வேண்டாம். கல்லூரியிலும் கணினியிலும் அது திரும்ப வந்து நிற்கும். மேற்படிப்புக்கு வழியுண்டு: சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன, உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடும், அரசுப் பணியில் 4 விழுக்காடும், அந்த நான்கில் செவித்திறன் குறைந்தோருக்கு ஒன்றும் ஒதுக்கப்பட்டுள்ளன.

சில பெற்றோர் இந்த வயதில் நான்காவதாக ஒரு வழியைக் கேட்பார்கள்: நிலத்தை விற்றாவது காக்ளியர் அறுவை சிகிச்சை (உட்காதில் மின்முனைகளைப் பதித்து, வெளியே அணியும் கருவியால் ஒலியை அனுப்புவது) செய்துவிட்டால் என்ன? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதை 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அளிப்பதற்குக் காரணம் உண்டு. மூளை ஒலியைப் பேச்சாகப் பழகும் காலம் அது. பிறவியிலேயே கேளாமல், கருவியாலும் பேச்சைப் பழகாத பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதனால் சத்தம் தெரியலாம்; பேச்சு விளங்குவது பெரும்பாலும் அரிது. சிறு வயதில் பொருத்திக்கொண்டவர்களுக்கு இந்த வயதில் வேறொரு கவலை, வெளிப்புறக் கருவியின் உதிரிபாகச் செலவு.

மூன்றாவது வழி பலருக்கு அரைகுறை ஏற்பாடாகத் தோன்றும். எனக்கு அதன்மீதுதான் நம்பிக்கை அதிகம், வீட்டார் உழைக்கத் தயாராக இருந்தால். பிள்ளை வீட்டில் தங்குகிறது, ஊர்ப் பள்ளிக்குப் போகிறது. கூடவே அம்மாவும் அப்பாவும் அண்ணனும் சைகை மொழி கற்கிறார்கள். டில்லியில் 2015 இல் தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி 2021 இல் 10,000 சொற்களை எட்டியது. அதன் காணொலிகளைக் கைபேசியிலேயே பார்க்கலாம். ஊருக்கு ஊர் சில சைகைகள் மாறும். அதை மாவட்டத்திலுள்ள காது கேளாதோர் சங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்த் திருத்திக்கொள்ளலாம். அந்தப் போக்குவரத்தில்தான் பிள்ளைக்கு நண்பர்களும், வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தும் காது கேளாத பெரியவர்களும் அறிமுகமாகிறார்கள். காது கேளாதவர் ஒருவர் கணக்காளராகவோ தையற்கடை முதலாளியாகவோ இருப்பதைப் பார்த்திராத பிள்ளைக்கு, எதிர்காலம் என்று எதைக் காட்டுவீர்கள்? மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா, காது கேளாதோர் ஒலிம்பிக் போட்டியில், 2022 இல் பிரேசிலில், இறகுப்பந்தில் மூன்று தங்கம் வென்ற செய்தியை நான் வகுப்பில் காட்டியபோது, ஒரு பையன் படத்திலிருந்த காதைத் தொட்டு, பிறகு தன் காதைத் தொட்டு, 'எங்கள் ஆள்' என்று சைகை செய்தான்.

இந்த வழியின் இன்னொரு பயன் பருவமடைதலைப் பற்றியது. காது கேட்கும் பெண்பிள்ளைகள் அத்தை பேசுவதை அடுக்களை வாசலில் நின்று கேட்டும், தோழிகள் கிசுகிசுப்பதைக் கேட்டும் பாதி தெரிந்துகொண்டுதான் வயதுக்கு வருகிறார்கள். காது கேளாத பிள்ளைக்கு அந்தக் காற்றுவழிச் செய்தி ஏதும் இல்லை. முதல் மாதவிலக்கின்போது அடிபட்டுவிட்டது என்று எண்ணி, மாடிப்படியில் ஒளிந்துகொண்டிருந்த பிள்ளையை எனக்குத் தெரியும். அம்மா நாப்கினைக் கையில் கொடுத்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார், விளக்கம் அவ்வளவுதான். சீர் செய்து, பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி விழா எடுத்தபோதும் எதற்காக என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பையன்களின் நிலை இன்னும் மோசம். அவர்களிடம் எந்தச் சைகையும் காட்டப்படுவதில்லை, கைபேசியில் கிடைப்பதுதான் பாடம். வீட்டில் மொழி இருந்தால் இவற்றைப் படம் வரைந்தும் சைகை செய்தும் ஒன்பது, பத்து வயதிலேயே சொல்லிவிடலாம்.

வீட்டு மொழி என்று நான் சொல்வது பெரிய விஷயங்களுக்கு மட்டும் இல்லை. இரவுச் சாப்பாட்டில் எல்லாரும் சிரிக்கும்போது, "என்ன?" என்று பிள்ளை கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறோம், "அப்புறம் சொல்றேன்" என்கிறோம். காது கேளாத பிள்ளைகள் உதட்டில் மிகச் சரியாகப் படிக்கும் சொற்கள் இவை இரண்டும்தாம். கைபேசியில் பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் செயலிகள் இப்போது தமிழிலும் வேலை செய்கின்றன. ஆசிரியரின் தெளிவான உரைநடையை அவை ஓரளவு பிடித்துக்கொள்கின்றன. சாப்பாட்டு நேரத்துக் கொச்சைத் தமிழில், நான்கு பேர் ஒன்றாகப் பேசும்போது, தடுமாறிவிடுகின்றன. அங்கே மனிதர் ஒருவர் திரும்பி, கையால் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது வழி எல்லாருக்கும் இயலாது என்பதையும் அறிவேன். இருவரும் விடியலில் மில் வேலைக்குப் போய் இரவு திரும்பும் வீட்டில், மாவட்டத் தலைநகரிலிருந்து எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில், வாரந்தோறும் சங்கத்துக்கு அழைத்துப் போகச் சொல்வது எளிது; செய்வது அரிது. அப்படிப்பட்ட வீட்டில், இழப்பு மிகக் கடுமையாக இருந்து, ஊரில் வேறு காது கேளாத பிள்ளை ஒன்றுகூட இல்லாமல், பிள்ளை நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டே போனால், நல்ல சிறப்புப் பள்ளியையே நான் பரிந்துரைப்பேன், வீட்டார் விடுமுறைக்கு முன் ஐம்பது சைகையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்ற வேண்டுகோளோடு. கருவியோடு பேச்சு நன்றாக விளங்கும் பிள்ளை, பள்ளியில் ஓரிரு நெருங்கிய தோழர்கள் உள்ள பிள்ளை எனில் ஊர்ப் பள்ளியிலிருந்து பெயர்த்தெடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றுவதானால் ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் மாற்றுங்கள், அல்லது பதினொன்று வரை பொறுங்கள். பத்தாம் வகுப்பின் நடுவில் பள்ளியை மாற்றி, புதிய மொழியையும் புதிய இடத்தையும் பொதுத் தேர்வையும் ஒரே ஆண்டில் பிள்ளையின் தலையில் ஏற்றுவது கொடுமை.

முடிவெடுக்கும் முன், ஏப்ரல் விடுமுறைக்கு முன்பே பிள்ளையை அழைத்துக்கொண்டு இரு பள்ளிகளுக்கும் போங்கள். சிறப்புப் பள்ளியில் தலைமையாசிரியரின் அறையில் உட்கார்ந்துவிடாமல், மாலை விளையாட்டு நேரம் முழுவதும் பிள்ளையை அங்குள்ள பிள்ளைகளோடு விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஊர் திரும்பியதும் இரண்டு பள்ளிகளின் படத்தையும் தரையில் வைத்து, அன்று பார்த்தவற்றைப் பற்றி அதனிடம் கேளுங்கள். சட்டென்று ஒன்றைத் தொட்டுவிட்டாலும் ஒரு வாரம் கழித்து மீண்டும் கேளுங்கள். எந்தப் பள்ளியானாலும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையும் ஓராண்டுக்குள் எடுத்த ஆடியோகிராமும் கையில் இருக்கட்டும். வளரும் வயதில் காதும் வளர்வதால், கருவியைக் காதுக்குள் பொருத்தும் பழைய அச்சு தளர்ந்து கருவி கீச்சென்று கத்தும். பக்கத்துப் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்க்கும் அந்த ஒலிக்குப் பயந்தே பல பிள்ளைகள் அதைக் கழற்றிவிடுகிறார்கள். ஆகவே மே மாதத்திலேயே புதிய காது அச்சு எடுத்துவிடுங்கள், அதன் நிறத்தைப் பிள்ளையே தேர்வு செய்யட்டும்.